சுழல்பெட்டிக்கு இந்தப் பக்கம்

நாற்பத்தைந்து நிமிஷம் என்று சொல்லிவிட்டு அத்தான் கோபுரம் ஏறப் போய்விட்டார், நாற்பத்தைந்து நிமிஷம் நான் இந்தக் கைகளோடு தனியாக இருந்தாக வேண்டும், கைகளும் பூரணியும் நானும், மூன்று பேர் என்றுதான் எண்ண வருகிறது, கைகளை என்னோடு சேர்த்து எண்ண வரவில்லை, எட்டு மாதமாக வரவில்லை. பேராலய வாசலில் கழுத்தில் காமிராவும் கையில் டிக்கெட்டுமாக நின்று கேட்டார், "ஏ வடிவு, நீயும் வாயேன், பிள்ளையை நான் சுமக்கேன், மேல ஒரு பெரிய மணி இருக்காம், விரிசல் விட்ட மணி, அங்கன நின்னா ஊரே தெரியுமாம்." "நீங்க போயிட்டு வாங்க அத்தான், நான் அந்தக் கன்னியாஸ்திரி மடத்து மிட்டாயை வாங்கி வைக்கேன்." "எண்பது மீட்டர் காத்தாடியில ஏறி இறங்குகவன் பொண்டாட்டிக்கு மாடிப்படின்னா பயம். முப்பந்தல்ல போயிச் சொன்னா ஒவ்வொருத்தனும் வயித்தைப் பிடிச்சிக்கிட்டுச் சிரிப்பான், கேட்டியா." நானும் சிரித்தேன். உயரத்துக்குப் பயம் என்று அவர் வைத்த பேர் நல்ல பேர், அதுவே இருக்கட்டும், உயரத்துக்குப் பயந்தவள் என்றால் கேலி பண்ணுவார்கள், பிள்ளையைப் பிடுங்கிக்கொள்ள மாட்டார்கள். மூன்று மாதப் பயிற்சிக்கு என்று காற்றாலைக் கம்பெனி அவரை ஸ்பெயினுக்கு அனுப்பியது, நானும் பூரணியும் கூட வந்தோம், பயிற்சி முடிந்து சனிக்கிழமை விமானம், அதற்குள் நாலு ஊர் பார்த்துவிடலாம் என்று செகோவியா, கோர்தோபா, இப்போது கடைசியாக இந்தத் தொலேதோ. கத்திக்குப் பேர்போன ஊர் என்று எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சந்து முழுக்க இரும்புக் கடை, ஆளுயர வாள், அடுக்களைக் கத்தி, கடித உறை கிழிக்கிற குட்டிக் கத்தி, எல்லாக் கண்ணாடிக்குப் பின்னாலும் வெயில் பட்டு மின்னுகிறது. நெஞ்சில் கட்டிய பைக்குள்ளிருந்து பூரணி மின்னுவதைப் பார்த்துக் கையை நீட்டுகிறாள், நான் அவள் தலையை என் பக்கம் திருப்பிக்கொள்கிறேன், ஒரு கடை, இரண்டு கடை, பதினொரு கடை, பதினொன்று முடிந்ததும் மடத்துக் கதவு, ஆணி அடித்த பழைய கதவு, உள்ளே இருட்டு, குளிர்ச்சி, அப்பாடா.

கைகள் இதுவரை ஒன்றும் செய்யவில்லை. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், யாரிடமாவது சொல்வதாக இருந்தால், ஒன்றும் செய்யவில்லை என்றுதான் ஆரம்பிக்க வேண்டும், ஆனால் அப்படி ஆரம்பித்தாலே என்ன செய்யவில்லை என்று கேட்பார்களே. இருபத்தெட்டாம் நாள். பூரணிக்கு அரைஞாண் கட்டிய அன்று, நாகர்கோவில் வீட்டில், போட்டோகாரர் வெளிச்சம் போதாது மொட்டைமாடிக்கு வாங்க என்றார், பட்டுச் சேலையும் வியர்வையுமாகப் பிள்ளையை ஏந்திக்கொண்டு கைப்பிடிச் சுவர் பக்கம் நின்றேன், இன்னும் கொஞ்சம் பின்னால போங்கம்மா என்றார், கீழே அண்டை வீட்டு முருங்கை, துணி உலர்த்துகிற கொடி, சிமிண்டுத் தரை, அப்போது அது வந்தது. நீ இப்போது கையை விரித்தால் போதும் என்று. குரல் ஒன்றும் இல்லை, பேய் பிடித்தவர்கள் சொல்வதுபோல ஒன்றும் இல்லை, ஒரு படம், என் கைகள் விரிவதுபோல, அவ்வளவுதான், கண்ணிமைக்கிற நேரம். பிள்ளையை அம்மா கையில் திணித்துவிட்டு மூச்சா போகணும் என்று சொல்லிக் கீழே ஓடி வந்து கதவைச் சாத்திக்கொண்டு என் கைகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், மருதாணி இன்னும் சிவந்திருந்தது. அதற்குப் பிறகு நான் மாடி ஏறவில்லை. இங்கே வயதோலித் நகரத்தில் மூன்றாவது மாடியில் வீடு கொடுத்தார்கள், பால்கனிக் கதவை முதல் நாளே பூட்டிச் சாவியை அரிசிப் பாத்திரத்தில் போட்டேன், துணியெல்லாம் குளியலறையில் உலர்கிறது. காய் வெட்டுகிற கத்தியை வேலை முடிந்த கையோடு குளியல் துண்டுகளுக்கு அடியில் வைத்துவிடுவேன், அத்தான் ஒருநாள் வெங்காயம் வெட்ட அடுக்களை முழுக்கத் தேடினார், இந்த வீட்டுல கத்திக்குக் கால் முளைச்சிட்டா என்று கேட்டார். முதல் வாரம் பயிற்சியில் கொடுத்த இடுப்புப் பட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து எனக்குப் போட்டுக் காட்டினார், இரண்டு கயிறு, இரண்டு கொக்கி, "இதுதான் எங்க உசிரு, ஒரு கொக்கியை மேல மாட்டாம அடுத்த கொக்கியைக் கழத்தக் கூடாது, எப்பவும் ஒண்ணு பிடிச்சிக்கிட்டே இருக்கணும்," பூரணியை அந்தப் பட்டைக்குள் உட்காரவைத்துச் சிரித்தார், நான் உலையில் அரிசி போடப் போவதுபோல எழுந்து போனேன், உலை வைக்கவே இல்லை.

ராத்திரி இரண்டு பேரும் தூங்கின பிறகு நோட்டை எடுத்து எழுதிப் பார்ப்பேன். கான்வென்ட் கையெழுத்து, சிஸ்டர் பிலோமினா ஸ்கேலால் முட்டியில் தட்டித் தட்டித் திருத்திய கையெழுத்து, ஒழுங்காகத்தான் வரும், பூரணிக்குப் பல் முளைத்தது, பூரணி தவழ்ந்தாள், அந்த வாக்கியத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிடும், தாளைக் கிழித்துவிடுவேன். பிலோமினா சிஸ்டர்தான் நீதிபோதனை வகுப்பு எடுப்பார், கறுப்புப் பலகையில் மூன்று வாசல் வரைவார், நினைப்பு, சொல், செயல், பாவம் இந்த மூன்று வழியாகத்தான் வரும் பிள்ளைகளே, இதில் எது பெரிய வாசல் என்று கேட்பார், நாங்கள் செயல் என்று கத்துவோம், இல்லை, நினைப்பு, நினைச்சாலே பாதி செஞ்ச மாதிரி. பாதி செய்த மாதிரி. எட்டு மாதத்தில் எத்தனை பாதி, கூட்டினால் எத்தனை முழுசு. கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு முதல் வெள்ளி உண்டு, தலையில் முக்காடு போட்டு வரிசையாகக் கோயிலுக்குப் போய்ப் பாவத்தை இறக்கி வைத்துவிட்டு வருவார்கள், வந்ததும் அன்று மதியம் அவர்கள் ஆடுகிற எறிபந்தே வேறு மாதிரி இருக்கும், லேசாக, கால் தரையில் படாமல். எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு அந்த ஒரு மணி நேரம் ஓவிய வகுப்பு. பாவம் என்றால் என்ன என்று எல்லாருக்கும்தான் சொல்லித் தந்தார்கள், இறக்கி வைக்கிற இடம் மட்டும் அவர்களுக்குத்தான். நான் மாம்பழம் வரைந்தேன். ஆறு வருஷம், மாதம் ஒரு மாம்பழம்.

இந்த முன்கூடத்தில் ஒரு மர பெஞ்சு, ஒரு மாதா படம், சுவரில் அந்தச் சுழல்பெட்டி. நாலு மணிக்குத்தான் திறப்பார்களாம், இன்னும் கால் மணி இருக்கிறது. பெஞ்சில் ஏற்கெனவே ஒரு பாட்டியம்மா, கைத்தடியும் உதட்டுச் சாயமுமாக, பூரணியைப் பார்த்ததும் "குவாப்பா, குவாப்பா" என்று கன்னத்தைக் கிள்ளி நகர்ந்து இடம் விட்டாள், அழகி என்று அர்த்தம், மூன்று மாதத்தில் அந்த வார்த்தை மட்டும் நன்றாகத் தெரிந்துவிட்டது, இந்த நாட்டில் பிள்ளையைச் சுமந்துகொண்டு போனால் எல்லாக் கிழவிகளும் சொந்தக்காரிகள். சுழல்பெட்டியைப் பார்க்கக் கூடாது என்று உட்கார்ந்தேன், பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். சுவரில் பதித்த ஒரு மரப் பீப்பாய், நடுவில் தட்டு, ஒரு பக்கம் மட்டும் வாய், நாம் இந்தப் பக்கம் காசை வைத்தால் உள்ளே இருக்கிற கன்னியாஸ்திரி சுழற்றி எடுத்துக்கொண்டு மிட்டாயை வைத்துத் திருப்பி அனுப்புவார், முகம் பார்க்க முடியாது, கை கூடத் தெரியாது, அவர்கள் வெளியே வரவே மாட்டார்கள். காலையில் மஞ்சள் குடை பிடித்த வழிகாட்டிப் பெண் இதைப் பற்றி ஆங்கிலத்தில் சொன்னாள், கூடவே இதையும் சொன்னாள், அந்தக் காலத்தில் இதே மாதிரிப் பெட்டி அநாதைப் பிள்ளைகளின் இல்லங்களிலும் இருந்ததாம், வளர்க்க முடியாத தாய்மார் இருட்டில் வந்து பிள்ளையை வைத்து மணியடித்துவிட்டுப் போவார்களாம், பெட்டி சுழலுமாம், தாயை யாரும் பார்க்க மாட்டார்களாம். எல்லாரும் அச்சச்சோ என்றார்கள், அத்தான் காமிராவில் எதையோ துடைத்துக்கொண்டிருந்தார். அந்தத் தட்டு எவ்வளவு அகலம் இருக்கும். முழங்கை அளவு. பூரணி இப்போது கொள்ள மாட்டாள், மடக்கினால் கொள்வாள், ஐயோ, பார், பார், எதை அளக்கிறேன் பார்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அடுத்த காம்பவுண்டில் ஒரு இல்லம், அதன் கேட்டருகே தகரக் கூரையின் கீழ் இரும்புத் தொட்டில் ஒன்று இருந்தது, பச்சை பெயிண்ட், மேலே ஒரு மணி, பெண் பிள்ளைகளை வேண்டாம் என்பவர்கள் கொல்லாமல் அதில் போட்டுவிட்டுப் போகட்டும் என்று வைத்தது. போகும்போதும் வரும்போதும் எட்டிப் பார்ப்போம். ஒரு வெள்ளைத் துவாலை, நாலாக மடித்தது, அதுமட்டும்தான் எப்போதும். ஒன்பதாம் வகுப்பில் ஒரு திங்கட்கிழமை, துவாலை இல்லை. அவ்வளவுதான் பார்த்தேன், துவாலை இல்லாத தொட்டில், ராத்திரி யாரோ பிள்ளையை விட்டிருக்கிறாள், துவாலையில் சுற்றி உள்ளே எடுத்துப் போயிருக்கிறார்கள். என்னோடு வந்த ரெக்ஸலின் சிலுவை போட்டுக்கொண்டாள், எவ்வளவு கெட்ட பொம்பளைடி அவ என்றாள், நானும் ஆமா என்றேன். அன்றைக்கு ஆமா என்று சொன்னவளைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன், அவள் தலையில் ஒரு குட்டு வைக்க வேண்டும், அந்தப் பொம்பளை துவாலையின்மேல் போட்டுவிட்டுப் போனாளே, மணியடித்தாளே, மணியடித்துவிட்டு எந்த மரத்துக்குப் பின்னால் நின்றாளோ.

வேறு எதையாவது நினை வடிவு. செகோவியாவில் அந்தக் கல்வாய்க்கால், ரெண்டாயிரம் வருஷமாம், மேலே தண்ணீர் போக ஊருக்கு நடுவே இரண்டு அடுக்கு வளைவு, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சுண்ணாம்பு கிடையாது, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டிருப்பதாலேயே நிற்கிறது என்று அத்தான் அந்த வளைவை விடப் பெரிதாக வாயைத் திறந்துகொண்டு பார்த்தார், நான் அதன் கீழே போகாமல் சுற்றிக்கொண்டு வந்தேன். கோர்தோபாவில்தான் கொஞ்சம் நன்றாக இருந்தது, பள்ளிவாசலுக்குள்ளே தேவாலயம், எண்ணூற்றுச் சொச்சம் தூண், சிவப்பும் வெள்ளையும் பட்டை போட்ட வளைவுகள், எங்கே பார்த்தாலும் தூண், உயரமும் இல்லை விளிம்பும் இல்லை, பூரணி ஒவ்வொரு தூணுக்கும் ஒரு சத்தம் கொடுத்துக்கொண்டே வந்தாள், நாற்பது தூண் வரைக்கும் அது வரவில்லை, வரவில்லையே என்று நினைத்தேன், நினைத்ததும் வந்தது, அதை நினைக்காமல் இருக்கிறேனா என்று பார்ப்பதே அதைக் கூப்பிடுகிற மாதிரி. இன்றைக்கு சாயங்காலம் சான் மார்ட்டின் பாலம். அதுதான், இன்றைக்கு அதுதான், காலையில் கண்விழித்ததிலிருந்து அதுதான். கீழே தாஹோ ஆறு, செங்குத்துப் பாறை, மேலே கல்பாலம், அத்தை போனில் அத்தானிடம் சொல்லிவிட்டார்கள், பாலத்துல வெச்சு ஒரு படம் எடுத்து அனுப்பு ராமா, பிள்ளை மூஞ்சி தெரியணும், வடிவு தூக்கி வெச்சிருக்கட்டும். வடிவு தூக்கி வைத்திருக்கட்டும். ஐந்தரை மணி வெயிலில் பாலம் பொன்னாக இருக்குமாம். குடைக்காரி அந்தப் பாலத்துக்கும் ஒரு கதை வைத்திருந்தாள், கட்டின கொத்தனாருக்குப் பாதியில் தன் கணக்கு தப்பு என்று தெரிந்துவிட்டதாம், முட்டுக் கொடுத்த மரங்களை எடுத்தால் வளைவு விழுந்துவிடும், வெளியே சொன்னால் மானம் போகும், தூங்காமல் புரண்டவனைப் பெண்டாட்டி துருவித் துருவிக் கேட்டாளாம், அவளிடம் சொன்னானாம், ஒரு புயல் ராத்திரி அவள் போய் மரங்களுக்குத் தீ வைத்துவிட்டாளாம், இடி விழுந்தது என்று ஊர் நினைத்து மறுபடி கட்டச் சொன்னதாம், இரண்டாம் தடவை சரியாகக் கட்டினானாம். எல்லாரும் அவளுடைய தைரியத்தை மெச்சினார்கள். எனக்கு அவன்தான் நெஞ்சில் மாட்டிக்கொண்டான், எந்த வார்த்தையில் ஆரம்பித்தான், படுக்கையில் அவளுக்கு முதுகு காட்டிக்கொண்டு சொன்னானா, விளக்கை அணைத்தபிறகு சொன்னானா.

மணி. பாட்டியம்மா எழுந்து, இதோ பார் இப்படி என்று எனக்குச் சைகை காட்டிக் கயிற்றை இழுக்கிறாள், உள்ளே எங்கேயோ மணி அடிக்கிறது, செருப்புச் சத்தம், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல், "ஆவே மரியா பூரிசிமா", பாட்டியம்மா பதிலுக்கு ஏதோ சொல்கிறாள், அது வழக்கமாம், பாவமில்லாமல் உற்பவித்தவளே என்று அர்த்தமாம், அதையும் குடைக்காரிதான் சொன்னாள், கடவுச்சொல் மாதிரி, சொன்னால்தான் மிட்டாய். நோட்டு உள்ளே போகிறது, மிட்டாய்ப் பெட்டியும் சில்லறையும் வெளியே வருகின்றன, கிறீச் என்று ஒரு சத்தம். பாட்டியம்மா பூரணியின் காலை ஒரு தடவை அமுக்கிவிட்டுப் போய்விட்டாள். இப்போது நான். கயிற்றை இழுத்தேன், மணி அடித்தது, "ஆவே மரியா பூரிசிமா" என்றது குரல், நான் என்ன பண்ணினேன் என்றால், எனக்கே இன்னும் வெட்கமாக இருக்கிறது, பாட்டியம்மா சொன்ன பதில் மறந்துபோய், பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு மணிக்கு மணி அடித்ததும் சோற்று டப்பாவைக் கீழே வைத்து எழுந்து நின்று ஆறு வருஷம் சொன்னதை, "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கித் தமிழில், மூச்சு விடாமல், பாதி ஜெபம் முழுவதையும் ராகத்தோடு ஒப்பித்துவிட்டேன், கைகள் தாமாகவே குவிந்திருந்தன, பாதியில் நிறுத்துவோமே, முன்வரிசை முதல் பாதி, பின்வரிசை மறுபாதி, அந்த இடத்தில் நிறுத்தினேன். பிறகு, நான் ஓடிவிடலாமா என்று பார்க்கும்போது, உள்ளே இருந்து மறுபாதி வந்தது. தமிழில். அதே ராகத்தில். ஆமென் என்று முடித்துவிட்டு, "ஆத்தாடி, யாரும்மா அது? எங்கிட்டு இருந்து வர்றீக?" என்றது.

"நாகர்கோவில், சிஸ்டர்." "நான் தேவகோட்டைப் பக்கம். இங்க எம்பேரு சோர் அசுன்சியோன், ஊர்ல சவரியம்மா. ஒன்பது வருசமாச்சு தமிழ்ல ஒருத்தர்ட்ட நேர்ல பேசி. நேர்லன்னா, இந்தா, சுவத்தோட." சிரித்தாள், சின்னக் குரல், என் வயதுதான் இருக்கும், "நாங்க இந்தியாக்காரக நாலு பேரு இருக்கோம், மத்த மூணும் கேரளா. வயசான சிஸ்டருக கண்ணை மூடிட்டா இங்க பாதாம் அரைக்க ஆள் வேணும்ல. உங்களுக்கு எது வேணும், சின்னப் பெட்டியா பெருசா?" பெருசு என்றேன். நோட்டை வைத்தேன், பெட்டி சுழன்றது, அந்த நேரம் பார்த்துப் பூரணி ஒரு கத்துக் கத்தினாள். "பிள்ளை! பிள்ளையா? எத்தனை மாசம்?" "ஒன்பது, சிஸ்டர். பொம்பளப் பிள்ளை." "நல்லா இருக்கட்டும், நல்லா இருக்கட்டும். பச்சைப் பிள்ளையக் கூட்டிக்கிட்டு ஊர் சுத்திப் பாக்க வந்துட்டீக, தைரியசாலிதான்." அந்த வார்த்தைதான். அதை அவள் சொல்லியிருக்க வேண்டாம். தைரியசாலி என்றதும், முகம் இல்லாத ஒரு சுவரைப் பார்த்து, மரத்தின் ரேகைகளைப் பார்த்து, நாற்பத்தைந்து நிமிஷத்தில் எத்தனை மிச்சம் என்று தெரியாமல், சொல்ல ஆரம்பித்துவிட்டேன், "சிஸ்டர், எனக்கு இந்தப் பிள்ளையக் கீழ போட்டிருவேன்னு தோணுது, கை தவறி இல்ல, நானே, வேணும்னே, மாடியில நின்னா தோணுது, கத்தியப் பார்த்தாத் தோணுது, இப்ப இந்தப் பெட்டியப் பார்த்து வேற தோணுச்சு, எட்டு மாசமாச் சிஸ்டர், ஒருத்தர்ட்டயும் சொல்லல, சாயங்காலம் பாலத்துக்குப் போகணும்." சொல்லிவிட்டேன். மாம்பழம் வரைந்த கைகள் இரண்டும் பூரணியின் முதுகில் கோத்துக்கொண்டு கிடந்தன.

உள்ளே செருப்பு நகர்ந்தது, போய்விட்டாளோ என்று நினைத்தேன், இல்லை, இன்னும் பக்கத்தில் வந்திருக்கிறாள், மூச்சுக் கேட்டது. "போட்டீகளா?" "இல்ல." "போடணும்னு ஆசையா?" "ஐயோ சிஸ்டர்!" "பின்ன?" "நினைச்சாலே பாதி செஞ்ச மாதிரின்னு," என்றேன். "யாரு சொன்னது?" "பள்ளிக்கூடத்துல." "எங்க பள்ளிக்கூடத்துலயும் சொன்னாக. கேளுங்க, நான் தினம் ரெண்டு கிலோ பாதாம் தோலுரிக்கிறேன். தினம் ஒருக்கா, அந்தத் தட்டை அப்படியே எங்க மதர் சுப்பீரியர் தலையில கவுத்துட்டா என்னன்னு தோணும். கைகூட ஊறும். அவுக தலை நரைச்சது வயசுனால, பாதாம் மாவுனால இல்ல." எனக்குச் சிரிப்பு வந்தது, மூக்கிலிருந்து வந்தது, அழுகையோடு சேர்ந்து அசிங்கமாக வந்தது. "எங்க பெரியக்கா மதுரையில பிரசவ வார்டு நர்சு. பிள்ளை பெத்தவக பாதிப் பேரு இதையே சொல்லி அழுவாகளாம்." "மீதிப் பாதி?" "சொல்லாம அழுவாகளாம். ஊருக்குப் போனதும் டாக்டர்ட்ட சொல்லுங்க, பல்லு வலிச்சா போறோம்ல. அதுக்கு முந்தி வீட்டுக்காரர்ட்ட சொல்லுங்க. நான் சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கேன், என்னால பாலத்துக்கு வர முடியாது." பிறகு குரல் தணிந்தது, கேட்கலாமா வேண்டாமா என்பதுபோல, "ஒண்ணு கேக்கட்டா? பிள்ளையோட எதையாச்சும் கொஞ்சம் இந்தத் தட்டுல வைக்கிறீகளா? பிள்ளை வாசனை பார்த்து ஒன்பது வருசம் ஆச்சு. உடனே திருப்பிருவேன்."

பூரணியின் இடது கால் சாக்ஸைக் கழற்றினேன், மஞ்சள் சாக்ஸ், பெருவிரல் பக்கம் எச்சில் ஈரம். தட்டில் வைத்தேன். வைக்கும்போது கைகளைப் பார்த்தேன், அவை வைத்தன, விட்டன, திரும்பி வந்து பூரணியைப் பிடித்துக்கொண்டன, என்ன வேண்டுமோ அதை மட்டும். கிறீச் என்று பெட்டி சுழன்று வாய் மறைந்தது, மரத்தின் முதுகு மட்டும் எனக்கு. எவ்வளவு நேரம். பச்சைத் தொட்டில் பக்கம் நின்ற அவளுக்கு இது எவ்வளவு நேரமாக இருந்திருக்கும், அவளுக்குப் பெட்டி திரும்பி வரவே இல்லையே. உள்ளே ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். கிறீச். மிட்டாய்ப் பெட்டி, சில்லறை, அதன்மேல் நாலாக மடித்த மஞ்சள் சாக்ஸ். "போயிட்டு வாங்க நாகர்கோவில். ஜெபத்துக்கு மணி அடிக்கப் போறாக. அந்தப் பாதியை இன்னைக்கு உங்க பேரு சொல்லிச் சொல்றேன், என்ன பேரு?" "வடிவு." "வடிவு," என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள், செருப்புச் சத்தம் தூரப் போனது. சாக்ஸ் முழுக்க சர்க்கரைத் தூள், பாதாம் வாசனை, அவள் கை இப்படித்தான் இருக்கும்போல. பூரணி பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டாள்.

பதினொரு கடை, திரும்பி. ஒன்பதாவது கடை வாசலில் அத்தான் எதிரே வருகிறார், தலைமுடி காற்றில் கலைந்து, "மணியைப் பார்க்கணும் வடிவு, உள்ள ஒரு குடும்பம் குடியிருக்கலாம்," என் முகத்தைப் பார்த்து நிறுத்துகிறார், "என்னளா? அழுதியா? யாரு என்ன சொன்னா?" முதுகு காட்டிக்கொண்டா, விளக்கை அணைத்தபிறகா, அந்தக் கொத்தனார் எப்படிச் சொன்னானோ, நான் ஒரு வாள் கடைக்கு முன்னால் பட்டப்பகலில் சொன்னேன், ஒன்றும் செய்யவில்லை என்று ஆரம்பித்தேன், இருபத்தெட்டாம் நாளிலிருந்து பெட்டி வரைக்கும். அத்தான் பூரணியின் ஒற்றை வெறுங்காலையே பார்த்துக்கொண்டு கேட்டார். முகத்தில் ஏதோ வந்தது, போனது, பயம்தான், நான் பார்த்தேன், அவர் மறைக்கவும் இல்லை. அவர் கை பூரணியின் பக்கம் அரை அடி வந்தது, அங்கேயே நின்றது, பிறகு என் தோளில் வந்து விழுந்தது. "அதான் கத்தியை துண்டுக்கு அடியில வெச்சியா?" "ஆமா." "ரெண்டு மாசமா வெங்காயத்தைக் கையால பிச்சிப் போட்டேன் பாவி மக்ளே." பிறகு சரிவில் நடந்தோம், ஆற்றுப் பக்கம். "மேல ஏறி நிக்கப்ப எனக்கும் தோணும்," என்றார் திடீரென்று, "குதிச்சா எப்படி இருக்கும்னு. எல்லாவனுக்கும் தோணும், ஒருத்தனும் சொல்ல மாட்டான். அதுக்குத்தானே ரெண்டு கொக்கி. தோணாம இருக்கணும்னு சொல்லி ஒருத்தனையும் மேல அனுப்பறது இல்ல." "வீட்டுக்குப் போவோமா அத்தான்?" "நீ சொல்லு." பாலத்து வாசல் கோபுரம் தெரிந்தது, வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது, பாலத்துக்கு அந்தப் பக்கத்தில் யாரோ நாயோடு நடந்து வந்துகொண்டிருந்தார்கள். "நடுவரைக்கும்," என்றேன்.

பையின் வாரைத் தோளில் இறுக்கினேன். அத்தான் காமிராவைக் கழற்றித் தோள்பைக்குள் போட்டார். "அத்தைக்குப் படம்?" "படம் கெடக்கு." ஆள்காட்டி விரலை வளைத்து என் முதுகுப் பக்கத்து வாரில் மாட்டினார். "ஒண்ணு பை, ரெண்டு நான். நட." கல் பாலம், கால் வைத்ததும் காற்று, கீழே தாஹோ பச்சையாக, பாறையில் மோதி நுரைத்துக்கொண்டு, தீ வைத்தவளின் முகம் என்று இந்த ஊரார் சொல்கிற கல், வளைவின் உச்சியில் எங்கேயோ இருக்கிறதாம், நான் எட்டிப் பார்க்கவில்லை, பூரணி மட்டும் சர்க்கரை சாக்ஸைச் சப்பிக்கொண்டு ஆற்றுக்கு ஒரு சத்தம் கொடுத்தாள், கோர்தோபாவில் தூண்களுக்குக் கொடுத்தாளே, அதே சத்தம். முதல் விளக்குக் கம்பம், இரண்டாவது. நடுவில் அது வந்தது. கைகள் விரிகிற படம், அதே படம், ஒரு மாற்றமும் இல்லை. நின்றேன்.

"வந்துட்டு அத்தான்."

"வரட்டும்," என்றார், விரலை எடுக்காமல்.